அந்த ஐம்பது ஓட்டங்கள்

கலியாண வீட்டுக்குப் போக அழைப்பு வேண்டும். செத்தவீட்டுக்குப் போக அழைப்பு வேண்டா. நம் முன்னோர் வகுத்து வைத்த முறை இது. அழைப்பிதழ் வந்து சேரவில்லையே என்று கலியாண வீட்டாரோடு மனத்தாங்கல் கொண்டவர்கூட, அதே வீட்டில் ஒரு துயரம் நிகழ்ந்தால், செய்தி கேட்ட மாத்திரத்தே சால்வையைத் தோளிற் போட்டுக்கொண்டு புறப்பட்டு விடுகிறார். அங்கே அவரை வாருங்கள் என்று வரவேற்பாரும் இல்லை. போய்வருகிறேன் என்று அவர் சொல்லி விடைபெறுவதும் இல்லை. முற்றத்துக் கதிரையில் அமர்ந்து, போனவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார். அவ்வாறு இருந்து பேசுவதற்குத் தமக்கு உரித்து உண்டு என்று அவர் கருதுகின்றார். வீட்டாரும் அவ்வாறே கருதுகின்றனர்.

விளையாட்டணி ஒன்றைத் தம்முடையதெனக் கொண்டாடும் இரசிகர்கள், அவ்வணி அடைந்த மானக்கேடான தோல்வியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கக் கேட்கும்போதெல்லாம் நமக்கு அந்த முற்றமே நினைவுக்கு வருகின்றது. வெற்றிகளைப் பற்றிய பேச்சு விரைவில் முடிந்துவிடும். தோல்வியைப் பற்றிய பேச்சோ எளிதில் ஓய்வதில்லை. எந்தப் பந்து, எந்தத் துடுப்பாட்டக்காரர், அவ்வேளையில் தாம் எங்கே இருந்தார், கையில் என்ன வைத்திருந்தார் என்றெல்லாம் ஒவ்வொருவரும் விரித்துரைப்பர். நொந்த இடத்தையே விரலால் தடவிப் பார்ப்பதில் மனிதனுக்கு என்ன இன்பமோ என்று வியக்கத் தோன்றும். இஃது இன்பமன்று, வேறொன்று என்பதே நமது எண்ணம். அதனைச் சொல்லவே இக்கட்டுரை.

இலங்கையின் கிரிக்கட் இரசிகர் எவரிடத்தும் 'ஐம்பது' என்று சொல்லிப் பாருங்கள். அவர் முகம் ஒரு கணம் மாறும். 2023ஆம் ஆண்டு செப்டெம்பர் 17ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, கொழும்பு ஆர். பிரேமதாச விளையாட்டரங்கில் நடந்த ஆசியக் கிண்ண இறுதியாட்டம் அது. இலங்கை அணி இந்தியாவுக்கு எதிராக 50 ஓட்டங்களுக்குள் சுருண்டு போனது. ஒருநாட் போட்டித் தொடர்களின் இறுதியாட்டங்களில் அன்றுவரை எந்த நாடும் அதனிலும் குறைந்த தொகையைப் பெற்றதில்லை.

அன்றைய வீழ்ச்சியின் ஆழத்தை அறிய வேண்டுமாயின், வீழ்ந்த இடத்தின் உயரத்தை முதலில் அறிதல் வேண்டும். அதற்கு ஓராண்டுக்கு முன்னர், 2022இல், நாடு எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்று களைத்திருந்தது. இங்கே நடைபெற வேண்டிய ஆசியக் கிண்ணப் போட்டிகள் அந்த நெருக்கடியினாலேயே ஐக்கிய அரபு இராச்சியத்துக்கு மாற்றப்பட்டன. அங்கே சென்ற நமது அணி, செப்டெம்பர் 11ஆந் திகதி துபாயில் பாகிஸ்தானை 23 ஓட்டங்களால் வென்று கிண்ணத்தோடு திரும்பியது. இருளிற் கிடந்த வீடுகளில் அன்று ஒரு விளக்கு எரிந்தது. மறு ஆண்டு தொடர்ச்சியாகப் 13 ஒருநாட் போட்டிகளில் அவ்வணி தோல்வியே காணவில்லை. இறுதியாட்டத்துக்கு மூன்று நாட்களுக்கு முன்னர், வியாழக்கிழமை நள்ளிரவு தாண்டிய வேளையில், பாகிஸ்தானுக்கு எதிராகக் கடைசிப் பந்தில் இரண்டு ஓட்டங்களை எடுத்துச் சரித் அசலங்க வெற்றி தேடித் தந்தார். அன்றிரவு ஊரில் வெடி கொளுத்தியவர்கள் ஞாயிறுக்கும் வெடி வாங்கி வைத்திருந்தனர்.

இந்நாட்டுத் தமிழர் இவ்வணியைத் தம்முடையதெனக் கொள்வதில் ஒரு தயக்கம் நெடுங்காலம் இருந்தது. சிலரிடத்து இன்றும் இருக்கின்றது. அதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை வாசகர்கள் நன்கறிவர். இங்கு விரித்தல் வேண்டா. ஆயினும் மனம் என்பது கட்டளைக்கு அடங்கி நடப்பதன்று. 1996ஆம் ஆண்டு மார்ச் 17ஆந் திகதி, அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாகூரில் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடந்தபோது நமக்கு வயது 16. முந்திய ஒக்டோபர் மாத இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளியேறி, தென்மராட்சியில் உறவினர் ஒருவரின் தென்னங்காணியிற் கொட்டில் போட்டு இருந்தோம். மின்சாரம் என்பது அப்போது பல ஆண்டுகளுக்கு முந்திய ஒரு ஞாபகம். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, மிதிகட்டையைக் கையாற் சுற்றி, 'டைனமோ'விலிருந்து வந்த மின்சாரத்தில் வானொலியை இயக்கினோம். சுற்றுபவரின் கை சோர்ந்தால் வர்ணனையாளரின் குரலும் சோர்ந்துவிடும். உடனே மற்றொருவர் ஓடிவந்து கைமாற்றுவார். அரவிந்த டி சில்வா 107 ஓட்டங்களை எடுத்து ஆட்டமிழக்காது நிற்க, அவுஸ்திரேலியா பெற்ற 241 ஓட்டங்களை இலங்கை தாண்டியது. முத்தையா முரளிதரன் அந்தப் பதினொருவருள் ஒருவர். எந்த அணிக்காக அந்த மிதிகட்டையைச் சுற்றுகிறோம் என்று அன்று ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனாற் சுற்றுவதை ஒருவரும் நிறுத்தவுமில்லை.

நமது பெரியப்பா ஒருவர் இருக்கிறார். அகவை எண்பதை அண்மியவர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர். இந்திய அணியே அவருக்கு அணி. பட்டோடி நவாப் தலைவராக இருந்த காலந்தொட்டு, சென்னையில் நடக்கும் ஆட்டங்களின் வர்ணனையை வானொலியிற் கேட்டு வளர்ந்தவர். வெங்கட்ராகவனின் பந்துவீச்சைப் பற்றிக் கேட்டால் இன்றும் ஒரு மணிநேரம் சொல்வார். நமது பிள்ளைகளோ இலங்கை அணிக்காரர். மகனின் அறைச் சுவரில் வனிந்து ஹசரங்கவின் படம் ஒட்டியிருக்கும். ஆகவே இரு நாடுகளும் மோதும் நாட்களில் நமது வீட்டு விறாந்தை இரு பிரிவாகப் பிரியும். சாய்மனைக் கதிரை இந்தியா, பாய் இலங்கை. நமது துணைவியார் எந்தப் பக்கமும் சாராது, இரு பக்கத்துக்கும் வடை வழங்கும் கடமையை ஏற்றுக்கொள்வார்.

அன்று பிற்பகல் கொழும்பில் மழை. ஆட்டம் 40 நிமிடங்கள் பிந்தியே தொடங்கிற்று. நாணயச் சுழற்சியில் வென்ற இலங்கைத் தலைவர் தசுன் சானக முதலில் துடுப்பெடுத்தாடத் தீர்மானித்தார். முதல் ஓவரின் மூன்றாம் பந்தில் பும்ரா, குசல் பெரேராவை ஆட்டமிழக்கச் செய்தார். பெரியப்பா கைதட்டினார், பிள்ளைகள் முகஞ்சுளித்தனர். இது வழக்கமாக நிகழ்வதே. குசினியில் வடைக்கு எண்ணெய் காயத் தொடங்கியது.

நான்காவது ஓவரை வீச மொஹமட் சிராஜ் வந்தார். ஐதராபாத்தில் ஓட்டோ ஓட்டிப் பிழைத்த ஒருவரின் மகன். முதலாம் பந்தில் பெத்தும் நிஸ்ஸங்க பிடிகொடுத்தார். மூன்றாம் பந்தில் சதீர சமரவிக்ரம. நான்காம் பந்தில், வியாழக்கிழமையின் வீரர் அசலங்க. ஐந்தாம் பந்தை எல்லைக்கு அனுப்பி, தொடர்ந்து மூன்றாவது விக்கட் விழாமற் காத்தார் தனஞ்சய டி சில்வா. அந்தப் பந்தைத் துரத்திக்கொண்டு பந்துவீசிய சிராஜே எல்லைவரை ஓடியதைக் கண்டு இந்திய வீரர்களே சிரித்தனர். ஆறாம் பந்தில் தனஞ்சயவும் போனார். ஒரே ஓவரில் நான்கு விக்கட்டுகள்! ஓவர் தொடங்கும்போது 8 ஓட்டங்களுக்கு ஒரு விக்கட் என்றிருந்த நிலை, முடியும்போது 12 ஓட்டங்களுக்கு ஐந்து என்றாயிற்று. அவருடைய அடுத்த ஓவரில் சானகவின் விக்கட் தடிகள் சிதறின. 12 ஓட்டங்களுக்கு ஆறு விக்கட்டுகள்.

முதற் சட்டி வடை வந்தபோது அதனைக் கையிலெடுக்க ஒருவரும் இல்லை. மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். மகன் பாயின் ஓரத்தில் நூலைப் பிரித்துக்கொண்டிருந்தான். சாய்மனைக் கதிரையிலிருந்து கைதட்டல் வரும் என்று எதிர்பார்த்தோம். வரவில்லை. பெரியப்பா முன்னே குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார்.

“என்னடா மோனை இது? எங்கட பெடியளுக்கு என்ன நடந்தது?” என்றார்.

மகன் நிமிர்ந்து பார்த்தான். “அப்பப்பா, நீங்கள் இந்தியா எல்லோ?” என்று கேட்டான். குரலிற் சற்றுக் கோபமும் இருந்தது.

“வெல்லட்டும், ராசா. அதுக்கெண்டு இப்பிடியே?” என்றார் பெரியப்பா.

அறுபது ஆண்டுகளாக அவர் வாயிலிருந்து அந்த அணியைக் குறித்து 'எங்கட' என்ற சொல் வந்ததை நாம் கேட்டதுமில்லை; கேட்டதாகச் சொல்வாருமில்லை. 1996இன் வெற்றி அச்சொல்லைப் பெற்றுத் தரவில்லை. 2014இல் இருபது ஓவர் உலகக் கிண்ணத்தை வென்றபோதும், அதுவும் இந்தியாவையே வென்றபோதும், அவர் அதனைச் சொல்லவில்லை. 12 ஓட்டங்களுக்கு ஆறு விக்கட்டுகள் என்ற அவமானமே அதனைச் சொல்ல வைத்தது. கலியாணத்துக்கு வராதவர் செத்தவீட்டுக்கு வந்துவிட்டார் என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

எஞ்சிய கதை சுருக்கமானது. குசல் மெண்டிஸ் 17 ஓட்டங்களும், துஷான் ஹேமந்த ஆட்டமிழக்காது 13 ஓட்டங்களும் எடுத்தனர். இரட்டை இலக்கத்தைத் தொட்டவர் அவ்விருவருமே. ஐவர் ஓட்டம் எதுவும் பெறாமலே திரும்பினர். 15.2 ஓவர்களில் எல்லாம் முடிந்தது. சிராஜ் 21 ஓட்டங்களுக்கு ஆறு விக்கட்டுகள்; ஹார்திக் பாண்டியா 3 ஓட்டங்களுக்கு மூன்று. இந்தியா 6.1 ஓவர்களில், ஒரு விக்கட்டையும் இழக்காமல், 51 ஓட்டங்களை எடுத்துவிட்டது. நூறு ஓவர்கள் நடக்கவேண்டிய ஆட்டம் 129 பந்துகளில் நிறைவெய்தியது. அன்றைய ஆட்ட நாயகனுக்குரிய 5,000 டொலர் பரிசுப் பணத்தைச் சிராஜ், மழையில் ஓடியோடி ஆடுகளத்தை மூடிக் காத்த மைதானப் பணியாளர்களுக்கே வழங்கினார். நம்மை வீழ்த்தியவர் பண்பாளராக இருந்தது ஓர் ஆறுதல்.

மறுநாட் கல்லூரியில் என்ன நிகழும் என்பதை ஆசிரியத் தொழிலில் இருப்போர் ஊகித்திருப்பர். தவணைப் பரீட்சையின் கணித விடைத்தாள்கள் அன்று வழங்கப்பட்டன. பத்தாந் தரத்து மாணவன் ஒருவன் தன் தாளைத் தலைக்குமேல் உயர்த்திப் பிடித்து, “சேர், எனக்கு அம்பத்தொண்டு. நான் இலங்கையை வெண்டிட்டன்!” என்றான். வகுப்பே அதிர்ந்தது. எல்லாரினும் உரக்கச் சிரித்தவன் கல்லூரி அணியின் ஆரம்பப் பந்துவீச்சாளன். அவன் கண்கள் சிவந்து வீங்கியிருந்ததை நாம் கண்டோம். மாலையிற் பேருந்து நடத்துநர் மிகுதிப் பணமாக ஐம்பது ரூபாத் தாளொன்றை நீட்டி, “ஓல் அவுட்” என்றார். முன்பின் அறியாத பயணிகள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டனர். கிண்ணத்தை வென்றிருந்தால் அந்தப் பேருந்தில் அத்தகைய ஓர் உறவு உண்டாகியிருக்குமோ என்பது ஐயமே.

இந்த நகைப்பிலும் ஓர் எல்லை இருந்தது. தமிழகத்திலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியிற் பேசும்போது அதே நகைச்சுவையை நமது சக ஆசிரியர் ஒருவரிடம் சொன்னார். காலைமுதல் ஆசிரியர் ஓய்வறையில் நமது அணியைக் கேலி செய்துகொண்டிருந்தவர் அவர். இப்போது அவர் முகம் இறுகிற்று. “2000ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆந் திகதி உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா?” என்று மட்டும் கேட்டார். மறுமுனையில் மௌனம். அன்று ஷார்ஜாவில் சனத் ஜயசூரிய 189 ஓட்டங்களைக் குவிக்க, 300 ஓட்டங்களைத் துரத்திய இந்தியா 54 ஓட்டங்களுக்குள் அடங்கிற்று. சமிந்த வாஸ் 14 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கட்டுகளைச் சாய்த்தார். அதுவும் ஓர் இறுதியாட்டம். அதுவும் ஒரு ஞாயிறு. கொழும்பில் நாம் உடைத்த பழைய 'சாதனை' அந்த 54 தான். தன் பிள்ளையைத் தாய் திட்டலாம்; அடுத்த வீட்டுக்காரி திட்டலாகாது. அந்த நியாயமே இங்கும் ஆளுகின்றது. தன் அணியைக் கேலி செய்யும் உரிமை, அதன் தோல்வியால் தூக்கம் கெட்டவனுக்கே உண்டு.

நாட்கள் செல்லச் செல்ல அத்தோல்வி ஒரு கதையாக வளர்ந்தது. கொழும்பில் தொழில் பார்க்கும் நமது உறவினர் ஒருவர், சம்பளத்தில் ஒரு பகுதியைக் கொடுத்து நுழைவுச்சீட்டு வாங்கியவர், மழையிலும் வாகன நெரிசலிலும் அகப்பட்டு அரங்கின் வாயிலை அடைந்தபோது எதிரே சனங்கள் வெளியேறிக்கொண்டிருந்தனராம். மழையால் ஆட்டம் கைவிடப்பட்டது என்று எண்ணி, “மிச்சம் நாளைக்கா?” என்று ஒருவரைக் கேட்டாராம். இக்கதையை அவர் குடும்ப விழாக்கள்தோறும் சொல்கின்றார். ஒவ்வொரு முறையும் மழை சிறிது வலுக்கின்றது. நெரிசல் சிறிது நீள்கின்றது. கேட்போர் எல்லாரும் முடிவை அறிந்தவர்கள். இருந்தும் 'சொல்லுங்கோ, சொல்லுங்கோ' என்று அவரைத் தூண்டுகின்றனர்.

அதன் பின்னரும் தோல்விகள் வந்தன. அதே ஆண்டு நவம்பர் 2ஆந் திகதி, மும்பை வான்கடே அரங்கில், உலகக் கிண்ணப் போட்டியில் அதே இந்தியாவிடம் 55 ஓட்டங்களுக்குச் சுருண்டு, 302 ஓட்டங்களால் தோற்றோம். 2024 நவம்பரில் டேர்பனில் தென்னாபிரிக்காவிடம் டெஸ்ட் ஆட்டமொன்றில் 42 ஓட்டங்களுக்கு வீழ்ந்தோம். இலக்கத்தைப் பார்த்தால் அஃது ஐம்பதிலும் குறைவு. மறுபுறம் நல்ல நாட்களும் வந்தன. 2024 ஓகஸ்ட் 7ஆந் திகதி, அதே பிரேமதாச அரங்கில், அதே இந்தியாவை இலங்கை 138 ஓட்டங்களுக்குள் மடக்கி 110 ஓட்டங்களால் வென்றது. இளைஞர் துனித் வெல்லாலகே 27 ஓட்டங்களுக்கு ஐந்து விக்கட்டுகளை வீழ்த்தினார். 1997க்குப் பின்னர் இந்தியாவுக்கு எதிராக இரு நாட்டு ஒருநாட் தொடர் ஒன்றை நாம் வென்றது அப்போதுதான். அந்தத் திகதியை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கின்றனர்? நமது வகுப்பிற் கேட்டோம், ஒருவனே சொன்னான். செப்டெம்பர் 17ஐக் கேட்டோம்; முப்பத்திரண்டு பேரும் சொன்னார்கள்.

இஃது இந்நாட்டுக்கு மட்டும் உரிய இயல்பன்று. அமெரிக்காவின் பொஸ்டன் நகரத்தார் தம் 'ரெட் சொக்ஸ்' பேஸ்போல் அணியின் தோல்வியொன்றை இன்றளவும் இப்படித்தான் பேசுகின்றனர். 1918க்குப் பின்னர் பட்டம் எதையும் காணாத அணி அது. 1986ஆம் ஆண்டு ஒக்டோபர் 25ஆந் திகதி நியூயோர்க் 'மெட்ஸ்' அணியுடன் நடந்த ஆறாவது ஆட்டத்தில், மேலதிகமாக ஆடப்பட்ட பத்தாவது சுற்றில், அவர்கள் 5-3 என முன்னணியில் நின்றனர். இன்னும் ஒருவரை ஆட்டமிழக்கச் செய்தால் பட்டம் கைக்கு வந்துவிடும். அவ்வேளையில் எதிரணியினர் ஒருவர்பின் ஒருவராக அடித்து முன்னேற, ஆட்டம் சமநிலைக்கு வந்தது. அதன்பின் நிலத்தில் உருண்டு வந்த பந்தொன்று பில் பக்னர் என்ற வீரரின் கால்களுக்கிடையே புகுந்து சென்றது. ஆட்டம் போயிற்று, இரண்டு நாட்களின் பின் ஏழாவது ஆட்டமும் போயிற்று. பக்னர் தம் வாழ்நாளில் 2,700க்கு மேற்பட்ட முறை வெற்றிகரமாகப் பந்தை அடித்தவர். அவை யாவும் மறக்கப்பட்டன. கால்களுக்கிடையே சென்ற அந்த ஒரு பந்தே நிலைத்தது. பந்து அவரிடம் வருமுன்னரே முன்னணி நிலை பறிபோய்விட்டது என்பதையும் பலர் எண்ணிப் பார்க்கவில்லை.

பிரேசில் நாட்டின் கதை இதனினுங் கொடியது. 1950 ஜூலை 16ஆந் திகதி, ரியோ நகரின் மரக்கானா அரங்கில், உலகக் கிண்ண உதைபந்தாட்டத்தின் முடிவான ஆட்டம். சமநிலை கிடைத்தாலே கிண்ணம் பிரேசிலுக்கு. உருகுவே 2-1 என வென்றுவிட்டது. நாடே துக்கங் காத்தது. அதுவரை அணிந்த வெள்ளைச் சட்டையையே கைவிட்டு, பின்னாளில் மஞ்சட் சட்டைக்கு மாறினர். இரண்டாவது கோலைத் தடுக்கத் தவறிய இலக்குக் காப்பாளர் மொசீர் பார்போசாவின்மேற் பழி முழுவதும் விழுந்தது. 2000ஆம் ஆண்டில் அவர் இறக்கும்வரை, ஐம்பது ஆண்டுகள், அந்தப் பழி அவரை விடவில்லை.

செத்தவீட்டில் இருப்பதற்கும் ஒரு முறை உண்டு. போனவரைப் பற்றிப் பேசலாம், அழலாம், சில வேளை சிரிக்கவுஞ் செய்யலாம். ஆனால், 'இன்னாராலேதான் போனார்' என்று முற்றத்தில் இருந்துகொண்டு ஒருவரைச் சுட்டுவது அடாது. தோல்வியை நினைவு கூர்வது வேறு. அதற்கு ஒருவரைப் பலியிடுவது வேறு. நமது கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் இப்போது வெளிநாட்டில் மதிக்கத்தக்க பதவியில் இருக்கின்றார். பதினெட்டு வயதில், கல்லூரிகளுக்கிடையிலான ஓர் ஆட்டத்தில், எளிதான பிடியொன்றைத் தவறவிட்டார். பழைய மாணவர் ஒன்றுகூடல்களில் அவரைக் கண்டதும், பெயரைச் சொல்லுமுன் அந்தப் பிடியைச் சொல்வார்கள். சொல்பவர்களுக்கு அது வேடிக்கை. அவரும் சிரிப்பார். ஒருமுறை, கூட்டம் கலைந்தபின், “சேர், நான் அதே ஆட்டத்தில் நாற்பத்தொரு ஓட்டங்கள் எடுத்தேன்” என்று நம்மிடம் மெதுவாகச் சொன்னார். இருபது ஆண்டுகளாக அவர் அதனைச் சொல்ல ஓர் ஆளைத் தேடியிருக்கின்றார் போலும்.

பொஸ்டன் நகரத்தார் தாம் செய்ததைப் பின்னர் ஓரளவு சீர்செய்தனர் என்பதையும் சொல்லுதல் வேண்டும். 2004இல் அவர்கள் அணி, 86 ஆண்டுகளின் பின், பட்டத்தை வென்றது. 2007இல் மீண்டும் வென்றது. 2008 ஏப்ரல் 8ஆந் திகதி, அவர்களது அரங்கின் அவ்வாண்டு முதல் ஆட்டத்தைத் தொடக்கிவைக்கும் பந்தை வீசப் பக்னரை அழைத்தனர். அவர் களத்தில் நடந்து வந்தபோது அரங்கம் முழுவதும் எழுந்து நின்று கைதட்டிற்று. அவர் கண்ணீரைத் துடைத்துக்கொண்டார். பதினொரு ஆண்டுகளின் பின், 2019இல், அவர் காலமானார். பார்போசாவுக்கு அத்தகைய ஒரு நாள் வாய்க்கவில்லை. இவ்விரு மனிதரையும் அருகருகே வைத்துப் பார்த்தால், நினைவு கூரும் முறையில் நல்லது எது, தீயது எது என்பது விளங்கும்.

நமது ஐம்பதில் ஒரு நன்மை உண்டு. அதில் ஒருவரைச் சுட்டிக் குற்றஞ்சாட்ட இயலாது. பதினொருவரும் சேர்ந்தே வீழ்ந்தனர். 'அந்த ஒரு பிடியை விடாதிருந்தால்', 'அந்த ஒரு பந்தைத் தடுத்திருந்தால்' என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை. ஆகையால் நம்மவர் அத்தோல்வியை வெறுப்பின்றிப் பேச முடிகின்றது. சிரித்துக்கொண்டே பேச முடிகின்றது. மூன்று மொழிகளிலும் அந்தச் சிரிப்பு ஒன்றாகவே இருக்கின்றது. காலி முகத்திடலில் நிற்கும் சிங்கள இளைஞரும், காத்தான்குடிக் கடைக்காரரும், நமது விறாந்தைச் சாய்மனைக் கதிரைக்காரரும் 'ஐம்பது' என்றதும் ஒரே விதமாகத் தலையில் அடித்துக்கொள்கின்றனர். இந்நாட்டில் இத்தனை பேரை ஒரே விதமாக வருந்தச் செய்தவை மிகச் சிலவே.

நமது இளைய வாசகர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறோம். தோற்ற அணியைப் பற்றிப் பேசாதே, அதை மறந்துவிடு என்று பெரியோர் சொல்லக்கூடும். மறக்க வேண்டா, பேசுங்கள். நன்றாகச் சிரியுங்கள். ஆனால் களத்தில் நின்று தலைகுனிந்தவனின் இடத்தில் உங்களை ஒரு கணம் நிறுத்திப் பார்த்துவிட்டுச் சிரியுங்கள். உங்கள் கல்லூரி அணியில் ஒருவன் பிடியைத் தவறவிட்டால், அன்று மாலை அவனோடு வீதிவரை நடந்து போங்கள். அவன் எடுத்த ஓட்டங்களையும் ஒருமுறை அவனுக்குச் சொல்லுங்கள்.

வென்ற அணிக்குப் பின்னால் ஊர்வலம் போக ஊரே திரளும். ஊர்வலம் கலைந்தால் அவரவர் தத்தம் வழி. தோற்ற நாளின் திகதியைப் பல்லாண்டுகள் மனத்தில் வைத்திருந்து, யாரும் கேளாமலே எடுத்துரைப்பவன் அவ்வணியை விட்டு எங்கும் போகமாட்டான். பெரியப்பா இப்போதும் இந்திய அணியின் பக்கமே இருக்கின்றார், அதில் மாற்றமில்லை. ஆனால் இலங்கை அணியைக் குறித்து யாரேனும் இளக்காரமாகப் பேசினால், கதிரையிற் சற்றே நிமிர்ந்து உட்காருகின்றார்.